மூன்று விநாடிப் பயணம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

சென்ற இதழில் பழைய விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலைப் பற்றி எழுதியபோது, அலிசே விமானத்தில் நான் பறந்த காலத்தை நாலு வரியில் முடித்துவிட்டேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன: கேட்டபல்ட் என்ற ராட்சதக் கவணில் மாட்டி விமானத்தைக் கடல் பக்கம் எறிகிறார்களே, உள்ளே இருக்கிறவர்களுக்கு எப்படி இருக்கும்? ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் விமானம் ஓட்டியவன் இல்லை. அலிசே மூன்று பேர் ஏறுகிற, நீர்மூழ்கி தேடுகிற விமானம். பைலட் ஓட்டுவார், நான் ரேடாரையும், நீர்மூழ்கியின் சத்தத்தைக் கேட்கக் கடலில் போடுகிற சோனோபாய் மிதவையையும் கட்டிக்கொண்டு அழுவேன். ஆனால் எறிபடும்போது மூன்று பேருக்கும் ஒரே அடிதான். நம்ம காரைக்குடி வட்டாரத்துக் கடிதங்களாகப் பார்த்து எடுத்திருக்கிறேன். வெளியூர்க்காரர்கள் கோபிக்க வேண்டாம்.

செட்டிநாட்டில் கிடக்கிற அந்தப் பழைய போர்க்கால ஓடுதளமே எங்கேயோ போய் முடிகிறது. கப்பலில் அவ்வளவு இடம் ஏது? எப்படி விமானம் கிளம்புகிறது?
*ஓய்வுபெற்ற தபால்காரர், பள்ளத்தூர்*

இடம் இல்லை என்பதால்தான் கேட்டபல்ட் வந்தது. அமெரிக்காவின் நிமிட்ஸ் வகைக் கப்பல்களில் அதன் நீளம் 90 மீட்டருக்குச் சற்று அதிகம். கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டு முகப்பில் நின்றால், வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி எல்லாம் தாண்டி, பின்வாசல் வழியாக அடுத்த தெரு தெரியும் அல்லவா? கிட்டத்தட்ட அந்தத் தூரம். முகப்பில் அசையாமல் நிற்கிற 30 டன் விமானம், பின்வாசலைத் தாண்டும்போது மணிக்கு 260 கிலோமீட்டர் வேகத்தில் போக வேண்டும். அதற்கு ஆகிற நேரம் இரண்டிலிருந்து மூன்று விநாடி.

வேலை செய்கிற விதம் எளிதுதான். டெக்குக்கு அடியில் இரண்டு நீள உருளைகள் பக்கம் பக்கமாகப் படுத்திருக்கும். ஒவ்வொன்றின் மேலேயும் முழு நீளத்துக்கு ஒரு பிளவு. உள்ளே பிஸ்டன். பிளவு வழியாக மேலே தலைநீட்டுகிற கொக்கியை ஷட்டில் என்போம். அதில் விமானத்தை மாட்டி, கொதிகலனிலிருந்து சேர்த்துவைத்த நீராவியைத் திறந்துவிட்டால் பிஸ்டன் ஓடும், ஷட்டில் ஓடும், விமானமும் ஓடும். பிளவு வழியாக நீராவி வீணாகாமல் இருக்க, பிஸ்டன் போகப் போக அதை மூடிக்கொண்டே வரும் ஓர் உலோகப் பட்டை உண்டு. பிரிட்டிஷ் கடற்படையின் காலின் மிட்செல் கொண்டுவந்த முறை இது. 1950களின் தொடக்கத்தில் பெர்சியஸ் என்ற கப்பலில் சோதித்துப் பார்த்தார்கள். 1961இல் நம் கடற்படையில் சேர்ந்த விக்ராந்திலும் இதே நீராவிக் கேட்டபல்ட்தான். அமெரிக்கக் கப்பலில் நான்கு இருக்கும், எங்களுக்கு ஒன்றே ஒன்று. நீளமும் குறைவு.

ஒரு பகுதி வேலையைக் காற்று செய்துவிடும். விமானம் கிளம்புகிற நேரத்தில் கப்பல் காற்றுக்கு எதிர்முகமாகத் திரும்பி முழு வேகத்தில் ஓடும். கப்பலின் வேகமும் எதிர்க்காற்றும் இறக்கைக்குச் சும்மா கிடைக்கிற வரவு. 1971 போரின்போது விக்ராந்தின் நான்கு கொதிகலன்களில் ஒன்றில் விரிசல். அதனால் கப்பலால் முழு வேகம் எடுக்க முடியாது. கேட்டபல்ட்டும் குடிப்பது அதே கொதிகலன் நீராவியைத்தான். அந்த நிலையிலும் டிசம்பர் 4ஆம் தேதி ஸீ ஹாக் விமானங்கள் கிளம்பிப் போய், அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கின. அந்த நாட்களில் கீழே கொதிகலன் அறையில் வெந்துகொண்டிருந்தவர்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை. பைலட் மட்டும்தான் கண்ணுக்குத் தெரிவான்.

அந்த மூன்று விநாடியில் உடம்புக்கு என்ன ஆகும்? முதலிலிருந்து சொல்லுங்கள்.
*அழகப்பா பொறியியல் கல்லூரி மாணவர், காரைக்குடி*

தம்பி, மூன்று விநாடியை விட அதற்கு முந்தைய ஒரு நிமிஷம்தான் பெரிது.

டெக் ஆள் கை காட்டக் காட்ட, அங்குலம் அங்குலமாக ஷட்டிலுக்கு மேல் கொண்டுபோய் நிறுத்துவார்கள். எங்கள் காலத்தில் விமானத்தின் வயிற்றில் இருக்கும் கொக்கிகளையும் ஷட்டிலையும் பிரைடில் என்ற தடித்த எஃகு வடத்தால் இணைப்பார்கள். இப்போதைய அமெரிக்க விமானங்களில் மூக்குச் சக்கரத்திலேயே ஒரு கம்பி இருக்கிறது, அது நேராகப் போய் ஷட்டிலில் உட்கார்ந்துவிடும். பின்பக்கம் ஹோல்ட்பேக் என்று ஒன்று விமானத்தைப் பிடித்து வைத்திருக்கும். குறிப்பிட்ட இழுப்பு வந்தால்தான் அது விடும். வடத்தை இறுக்கினதும் விமானம் லேசாகக் குந்தும். முன்னால் இழுக்கிறது ஒன்று, பின்னால் பிடிக்கிறது ஒன்று, நடுவில் நாம்.

அப்புறம் எஞ்சினை முழுக்கக் கொடுப்பார். அலிசேயில் இருந்தது ரோல்ஸ் ராய்ஸ் டார்ட் எஞ்சின். அது போடுகிற சத்தம் உறுமல் இல்லை, கீச்சென்று ஒரு விசில். பல்லுக்குள் புகும். விமானம் முழுக்க நடுங்கும், முன்னால் இருக்கிற முள்ளெல்லாம் நடுங்கும். பைலட் கண்ணை ஓட்டி எல்லாவற்றையும் பார்ப்பார், விமானத்தைத் திருப்புகிற ஸ்டிக்கை நாலு பக்கமும் ஆட்டிப் பார்ப்பார், தலையைப் பின்னால் சாய்த்து ஒட்டவைத்துக்கொண்டு கையை உயர்த்துவார். தயார் என்று அர்த்தம். டெக்கில் நிற்கிற அதிகாரி பச்சைக் கொடியை இறக்குவார்.

இறக்கிய உடனே ஒன்றும் நடக்காது! கொடி இறங்கி, கீழே பொத்தான் அழுத்தி, வால்வு திறந்து, நீராவி உள்ளே போக ஒரு கணமோ இரண்டு கணமோ ஆகும். அந்தக் கணம்தான் எனக்கு எப்போதும் பிடிக்காது. இனி நம் கையில் ஏதும் இல்லை, ஆனால் எதுவும் நடக்கவும் இல்லை.

பிறகு ஹோல்ட்பேக் விடும். முதுகில் அறை. படிப்படியாக ஏறுகிற வேகம் இல்லை, எடுத்த எடுப்பிலேயே முழு அறை. மூச்சு பாதியில் நின்றுவிடும். கன்னம் காதுப் பக்கம் போகும். கண் உள்ளே அமுங்குவதால் எதிரே இருக்கும் முள்ளும் எண்ணும் மங்கிப்போகும். இன்றைய போர் விமானங்களில் இது சுமார் மூன்று ஜி. பூமி நம்மை இழுக்கிற அளவுதான் ஒரு ஜி. 60 கிலோ ஆளை முதுகுப் பக்கமாக 180 கிலோ அழுத்துகிறது என்று வைத்துக்கொள். கையைத் தூக்கி எதையாவது தொடலாம் என்று நினைத்தால் கை வராது. முழங்கால் அட்டையில் செருகியிருந்த பென்சில் ஒரு முறை என் தோளுக்கு மேலே பறந்துபோய்ப் பின்சுவரில் அடித்தது. அதற்கப்புறம் நூல் போட்டுக் கட்டிக்கொண்டேன்.

நீ கேட்கலாம், மூன்று ஜி என்றால் மயக்கம் வராதா என்று. வராது. போர் விமானம் வட்டமடிக்கும்போது வருகிற ஜி தலையிலிருந்து காலுக்கு இழுக்கும், ரத்தம் இறங்கிக் கண் இருட்டும். இது நெஞ்சிலிருந்து முதுகுக்கு. ரத்தம் மூளையை விட்டு எங்கேயும் ஓடுவதில்லை. நேரமும் போதாது.

முடிவுதான் விசித்திரமாக இருக்கும். டெக் விளிம்பில் பிஸ்டன் போய் ஒரு தண்ணீர்த் தொட்டிக்குள் குத்தி நிற்கும். அந்த இடி கப்பல் முழுக்கக் கேட்கும். கீழ்த்தளத்தில் படுத்திருப்பவன் புரண்டு படுப்பான். விமானமோ விடுபட்டுவிடும். மூன்று ஜி ஒரே நொடியில் கிட்டத்தட்ட இல்லாமல் போவதால் உடம்பு முன்னால் போய் வார்ப்பட்டையில் தொங்கும். எஞ்சின் முழு மூச்சில் இழுத்துக்கொண்டிருக்கும், விமானம் நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருக்கும், ஆனால் உடம்பு சொல்லும்: நின்றுவிட்டது. கண்ணாடிக்கு வெளியே பார்த்தால் டெக் இல்லை, தண்ணீர்தான். முதல் தடவை ஏறினவன் எவனும் அந்த நொடியில் எஞ்சின் போய்விட்டது என்று நினைக்காமல் இருந்ததில்லை.

படங்களில் பார்த்தால் அமெரிக்க பைலட் ஸ்டிக்கைப் பிடிக்காமல், மேலே ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு கிளம்புகிறாரே. ஏன்?
*பத்தாம் வகுப்பு மாணவன், கோட்டையூர்*

சரியாகப் பார்த்திருக்கிறாய். எஃப்/ஏ-18 விமானத்தில் வலது கை கண்ணாடிச் சட்டத்தில் இருக்கும் கைப்பிடியைப் பிடித்திருக்கும். இடது கை எஞ்சின் நெம்புகோலில், அது அறையில் பின்னால் வழுக்கிவிடாமல் பார்த்துக்கொள்ள. ஸ்டிக்கில் கை இருந்தால், அறை விழும்போது கை தன்னால் பின்னுக்கு வரும், ஸ்டிக்கும் கூட வரும், மூக்கு தேவைக்கு மேல் தூக்கிக்கொள்ளும். அதனால் விளிம்பைத் தாண்டும்போது மூக்கை எந்தக் கோணத்தில் வைக்க வேண்டும் என்பதை விமானத்தின் கணினியிடமே விட்டுவிடுகிறார்கள். பறந்த பிறகு பைலட் கை ஸ்டிக்குக்கு வரும்.

கணினி வந்ததால் வந்த வழக்கம் என்று நினைக்காதே. 1960களில் பிரிட்டனின் பக்கனீர் விமானத்தைக் கை விட்டுத்தான் கிளப்பினார்கள். கைவிட முடியாத விமானங்களில் முழங்கையை வயிற்றோடு இடுக்கிக்கொண்டு, ஸ்டிக் அசையாமல் பார்த்துக்கொள்வார்கள். என்னைக் கேட்டால் கேட்டபல்ட்டில் பைலட் செய்கிற கடினமான வேலை, அந்த மூன்று விநாடி ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான். பழகிய கைக்கு அது லேசில் வராது.

ராத்திரியில் கிளம்பினால் பைலட்டுக்குக் காது பொய் சொல்லும் என்று எங்கோ படித்தேன். காதுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?
*இயற்பியல் ஆசிரியை, தேவகோட்டை*

டீச்சர், நீங்கள் கேட்டதற்குத் தனிக் கட்டுரையே எழுதலாம். பகலில் கேட்டபல்ட் ஒரு கிளுகிளுப்பு. ராத்திரியில்தான் அது ஆபத்து.

உட்காதில் சின்னச் சுண்ணாம்புத் துகள்கள் ஒட்டிய ஒரு மெத்தை இருக்கிறது. தலையைப் பின்னால் சாய்த்தால் துகள்கள் பின்பக்கம் சரியும், சாய்ந்திருக்கிறோம் என்று மூளைக்குத் தெரியும். தலை நேராக இருக்கும்போது யாராவது முன்னால் வேகமாகத் தள்ளினாலும் அதே துகள்கள் அதே பின்பக்கம்தான் சரியும். இரண்டுக்கும் வித்தியாசம் காதுக்குத் தெரியாது. வித்தியாசம் சொல்வது கண்.

கணக்கு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கீழ்நோக்கி ஒரு ஜி, முன்னோக்கிய தள்ளலால் பின்பக்கம் மூன்று ஜி. இரண்டையும் கூட்டினால் வருகிற விசை செங்குத்திலிருந்து எழுபது பாகைக்கு மேல் பின்னால் சாய்ந்திருக்கும். இரண்டு மூன்று விநாடிக்குள் மூளை அந்த எழுபதையும் உணர்ந்துவிடாது. ஆனாலும் விமானம் மூக்கைச் செங்குத்தாகத் தூக்குகிறது என்ற நினைப்பு வரும். கேட்டபல்ட் முடிந்த பிறகும் அது சட்டென்று போகாது, கொஞ்ச நேரம் ஒட்டிக்கொண்டிருக்கும்.

பகலில் எதிரே அடிவானம் நேராகக் கிடக்கும். கண் பார்த்ததும் காது அடங்கிவிடும். நிலா இல்லாத இரவில் அடிவானம் கிடையாது, கடலும் வானும் ஒரே கறுப்பு. மூக்கு தூக்கிவிட்டது, வேகம் குறைந்து விழப்போகிறோம் என்று உடம்பு கத்தும். கை ஸ்டிக்கை முன்னால் தள்ளத் துடிக்கும். தள்ளினால் எங்கே போவது? பெரிய கப்பலின் டெக்கே தண்ணீருக்கு மேலே இருபது மீட்டருக்குள்தான் இருக்கிறது. விளிம்பைத் தாண்டின விமானம் கொஞ்சம் தாழ்வதும் உண்டு. எந்தக் கோளாறும் இல்லாத விமானங்கள் இப்படி இரவில் நேராகக் கடலுக்குள் போயிருக்கின்றன.

அதனால் பயிற்சியில் அடித்து அடித்துச் சொல்வது ஒன்றைத்தான்: இரவில் வெளியே பார்க்காதே, உன் உடம்பை நம்பாதே, முன்னால் இருக்கிற செயற்கை அடிவானக் கருவியை நம்பு. இறக்கை மட்டமாக இருக்கிறதா, மூக்கு இவ்வளவு பாகை மேலே இருக்கிறதா, உயரமானி ஏறுகிறதா. எங்கள் விமானத்தில் உயரமானியை நானும் என் பக்கத்திலிருந்து சத்தமாகப் படிப்பேன். பைலட் பதில் சொல்லமாட்டார். சொல்ல வேண்டியதும் இல்லை, அவர் காதில் இன்னொரு ஆள் குரலும் விழுந்தால் போதும். இரவில் கையை உயர்த்தினால் யார் கண்ணுக்கும் தெரியாது என்பதால், அமெரிக்கக் கப்பல்களில் வெளிவிளக்கைப் போட்டுத் தயார் என்று காட்டுவார்கள்.

பைலட்டின் துணிச்சலைப் பற்றிச் சினிமாக்காரர்கள் எவ்வளவோ காட்டுகிறார்கள். தன் உடம்பு சொல்வதைக் கேட்காமல், உள்ளங்கை அகலக் கருவி ஒன்றை நம்பி உட்கார்ந்திருப்பதை மட்டும் காட்டுவதில்லை. திரையில் அது தெரியாதுதான்.

தம்பி, எங்க பேரன் ஏழிமலை கடற்படை அகாதெமிக்குப் படிக்கப் போயிருக்கான். விமானம் ஓட்டப்போறேங்கிறான். அந்தக் கவண் சரியா வீசாமப் போனா என்ன ஆகும்? மறைக்காமச் சொல்லுங்க.
*ஓர் ஆயா, கானாடுகாத்தான்*

ஆச்சி, மறைக்கவில்லை. வீச்சு குறைந்தால் விமானம் பறக்கிற வேகத்துக்கு வராமல் விளிம்பைத் தாண்டிக் கடலில் விழும். நீராவி கசிந்தாலோ, விமானத்தின் எடையைத் தப்பாகக் கணக்குப் போட்டாலோ அப்படி ஆகும். எடைக்குத் தகுந்த நீராவி வேண்டும். குறைந்தால் கடல், கூடினால் விமானத்தின் மூக்குச் சக்கரம் முறியும். அதனால் ஒவ்வொரு தடவையும் ஒரு ஆள் எடையைப் பலகையில் காட்டுவார், பைலட் சரி என்று சைகை செய்த பிறகுதான் மேற்கொண்டு நடக்கும். எங்கள் அலிசேயில் வெளியே எறிகிற இருக்கை கிடையாது. விழுந்தால் நாமே கதவைத் திறந்து நீந்தி வர வேண்டும், பின்னால் நம் கப்பலே நம் மேல் வந்துகொண்டிருக்கும். அதற்காகவே கப்பலுக்குப் பக்கத்தில் ஒரு ஹெலிகாப்டர் எப்போதும் பறந்துகொண்டு நிற்கும்.

இப்போதுள்ள போர் விமானங்களில் கைப்பிடியை இழுத்தால் இருக்கையோடு வெளியே வந்துவிடலாம். இன்னொன்று, உங்கள் பேரன் நம் கடற்படையில் ஓட்டப்போகிற கப்பல்களில் கேட்டபல்ட்டே இல்லை. கீழே கடைசிக்கு முந்தைய பதிலை யாரையாவது படித்துக்காட்டச் சொல்லுங்கள். விடுமுறையில் வந்தால் என் வீட்டுக்கு அனுப்பிவையுங்கள், பேசுகிறேன்.

இப்போது மின்காந்தக் கேட்டபல்ட் வந்துவிட்டதாமே?
*மின் பணியாளர், புதுவயல்*

ஆமாம். அமெரிக்காவின் ஜெரால்ட் ஃபோர்டு கப்பலில் 2017இலிருந்து அதுதான். சீனாவின் ஃபூஜியான் கப்பலிலும் அதுதான். நீராவிக்குப் பதில், நீளவாக்கில் விரித்துப்போட்ட மோட்டார். நீராவியைத் திறந்துவிட்டால் நடுவழியில் திருத்த முடியாது. மின்சாரத்தை ஓட ஓடத் திருத்தலாம். அதனால் முதல் அறையின் முரட்டுத்தனம் குறைந்து, கடைசிவரை சீராகத் தள்ளுகிறது. விமானத்தின் உடம்புக்கும் நல்லது, ஆளில்லாத சின்ன விமானங்களையும் மெதுவாக வீசலாம். மொத்த வேகம் அதேதான், ஆகையால் காதின் பொய்யும் அதேதான்.

நம் கப்பல்களில் ஏன் கேட்டபல்ட் இல்லை? அந்த மேடு போட்ட முறையில் பைலட்டுக்கு எப்படி இருக்கும்?
*மளிகைக் கடைக்காரர், குன்றக்குடி*

விக்ராந்தில் அலிசே கடைசியாகக் கேட்டபல்ட்டில் கிளம்பியது 1987இல். அதற்குள் ஸீ ஹாரியர் ஜெட் விமானங்கள் வந்துவிட்டன. அவற்றுக்குக் கேட்டபல்ட் வேண்டாம், கப்பல் முகப்பில் மேல்நோக்கி வளைந்த மேடு போதும். கேட்டபல்ட்டை எடுத்துவிட்டு மேட்டைக் கட்டினார்கள். எனக்கு வருத்தம்தான், ஆனால் செலவும் பராமரிப்பும் பார்த்தால் அந்த முடிவில் குறை சொல்ல முடியாது. 2013இல் வந்த விக்ரமாதித்யாவிலும், கொச்சியில் கட்டி 2022 செப்டம்பர் 2ஆம் தேதி சேர்ந்த புதிய விக்ராந்திலும் மேடுதான்.

நான் அதில் போனதில்லை. மிக்-29கே ஓட்டிய இளைஞர்கள் சொல்லிக் கேட்டதைச் சொல்கிறேன். சக்கரத்தை டெக்கிலிருந்து எழுந்து நிற்கும் தடுப்பு பிடித்திருக்கும். எஞ்சினை முழு நெருப்பில் கொடுத்ததும் தடுப்பு இறங்கும். ஓட்டம் விரைவுதான், ஆனால் தள்ளுவது தன் எஞ்சின் மட்டும். முதுகில் அறை இல்லை. மேட்டில் ஏறும்போது உடம்பு இருக்கைக்குள் அமுங்கும், முன்சக்கரம் நசுங்கும், உடனே காற்றில். மேட்டை விட்ட கணத்தில் விமானம் பறக்கிற வேகத்துக்கு முழுதாக வந்திருக்காது. மேல்நோக்கி எறியப்பட்டிருப்பதால், இறங்குவதற்குள் வேகம் சேர்ந்துவிடும். அந்தச் சில விநாடி வேகம் காட்டும் முள்ளிலிருந்து கண் நகராதாம். கோவா ஹன்சா தளத்தில் தரையிலேயே இப்படி ஒரு மேடு கட்டிவைத்திருக்கிறார்கள், அதில் பழகிவிட்டுத்தான் கப்பலுக்குப் போவார்கள். கேட்டபல்ட்டுக்கென்று செய்த ரஃபேல் எம் விமானத்தையும் 2022 ஜனவரியில் அங்கேதான் மேட்டில் ஓட்டிப் பார்த்தார்கள். 2025 ஏப்ரலில் 26 விமானங்களுக்கு ஒப்பந்தம் ஆயிற்று.

என்னை எந்த முறை உயர்ந்தது என்று கேட்டால், எரிபொருளும் குண்டும் நிறையச் சுமந்து கிளம்ப கேட்டபல்ட்டுக்கு ஈடு இல்லை. மேட்டில் பழுதாகிற பாகம் இல்லை. இரண்டையும் ஒரே கப்பலில் கேட்டால் நிதித்துறை பதில் சொல்லட்டும்.

காலையில் கிளம்புவதற்கு முன் சாப்பிடுவீர்களா? வாந்தி வராதா?
*பலகாரக் கடை நடத்தும் வாசகி, காரைக்குடி*

கேட்டபல்ட்டால் வாந்தி வந்து நான் பார்த்ததில்லை. வயிற்றுக்கு விஷயம் புரிவதற்குள் அது முடிந்துவிடும். வாந்தி வருவது அதற்கப்புறம், தாழப் பறந்து, குனிந்து ரேடாரைப் பார்த்துக்கொண்டே மணிக்கணக்கில் வட்டமடிக்கும்போது. அதனால் முட்டையும் ரொட்டியும் அளவாகச் சாப்பிடுவோம். வெள்ளைப் பணியாரமும் மிளகாய்த் துவையலும் தின்றுவிட்டு நீர்மூழ்கி தேடப் போவதை யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன். இறங்கின பிறகு எத்தனை வேண்டுமானாலும் ஆகலாம், கடை முகவரியை அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.